மூழ்கிய கலம் யாருக்குரியது?

நிலத்திலே புதைந்து கிடக்கும் பழம்பொருள் யாருக்குரியது என்னும் வினாவுக்கு உலகத்து அரசுகள் பலவும் விடை கண்டு நெடுங்காலமாயிற்று. நம் நாட்டில் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், மண்ணுள் மறைந்து கிடக்கும் தொல்பொருள்களை அரசின் உடைமையென வகுத்தது. ஏர்முனையிலே தட்டுப்பட்ட பழம் பொன்னை உழவன் உருக்கி விற்றல் தகாது என்பதை இன்று பள்ளி மாணவனும் அறிவான். ஆயின் அதே பொன் கரையினின்றும் பல மைல் தொலைவிலே கடலடியிற் கிடக்குமாயின், அதனை எடுத்தற்கு உரியவர் யார், வைத்துக்கொள்ளுதற்கு உரியவர் யார், காத்தற்கு உரியவர் யார் என்னும் வினாக்கள் எழும்போது கற்றறிந்தோரும் சற்றே தயங்குவர். தனியார் கம்பனிகள் மூழ்கிய பழங்கலங்களைத் தேடி எடுப்பதனை அரசுகள் எவ்வாறு ஒழுங்குபடுத்தி வந்தன என்பதையும், அவ்வொழுங்கு ஏன் வேண்டப்படுகின்றது என்பதையும் இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம். இத்துறையிலே வழக்கும் சட்டமும் மிகுதியாகத் தோன்றிய நாடு ஐக்கிய அமெரிக்காவாதலின் அந்நாட்டு வரலாற்றையே முதன்மையாக எடுத்துக்கொள்வோம்.

கடற்சட்டத்திலே மீட்புரிமை என்றொரு பழைய நெறி உண்டு. புயலிலகப்பட்டுத் தத்தளிக்கும் கப்பலையோ அதன் சரக்கையோ, அக்கடமைக்குக் கட்டுப்படாத ஒருவன் தன் முயற்சியாற் காப்பாற்றுவானாயின், அப்பொருளின் உடைமை பழைய உரிமையாளனிடமே நிற்கும். ஆயினும் மீட்டவனுக்குத் தக்க வெகுமதி கொடுத்தே தீரல் வேண்டும். பொருள் மீளாவிடின் வெகுமதியும் இல்லை. ஆபத்திலிருக்கும் கப்பலைக் கண்டும் காணாதவர்போற் செல்லாது பிறர் உதவவேண்டும் என்பதே இந்நெறியின் நோக்கம். இதனோடு இணைந்தது கண்டெடுப்புரிமை என்னும் இன்னொரு நெறி. உடையவன் கைவிட்டுவிட்ட பொருளை முதலிற் கண்டு கைப்பற்றியவனுக்கே அது முற்றாக உரியதாகும் என்பது இதன் சாரம். இவ்விரு நெறிகளையும் பயன்படுத்த விரும்பும் ஒருவன், கலத்தினின்றும் ஒரு பொருளை எடுத்துவந்து கடற்றுறை நீதிமன்றத்தின்முன் வைப்பான். நீதிமன்றம் அக்கலத்தையே பிரதிவாதியாகக் கொண்டு அதனைத் தடுத்துவைக்கும். பெயர் தெரியாத, மூழ்கிக் கைவிடப்பட்ட பாய்க்கப்பல் ஒன்றின் மீது மனிதர் வழக்குத் தொடுப்பதாக ஏடுகளிற் காணும் விந்தைத் தலைப்புகளுக்கு இதுவே காரணம்.

இந்நெறிகள் வணிகக் கப்பல்களுக்கு இன்றும் பொருந்துவனவே. நேற்று மூழ்கிய கப்பலின் சரக்கு உப்புநீரிற் கெட்டழியுமுன் அதனை விரைந்து எடுத்தல் நன்று. ஆனால் முந்நூறு நானூறு ஆண்டுகளுக்குமுன் மூழ்கிய கலத்தின் நிலை வேறு. மணலிற் புதைந்த மரத்தை ஒட்சிசன் அணுகுவதில்லை, கப்பற்புழுக்களும் அரிப்பதில்லை. முதற் சில ஆண்டுகளில் அழிவன அழிந்தபின், எஞ்சியவை தம்மைச் சூழ்ந்த நீரோடும் மணலோடும் ஒருவகை அமைதி பெற்று நெடுங்காலம் நிலைக்கின்றன. அந்நிலையில் அவற்றுக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் மனிதன் கைவைக்கும்போதுதான். வெளியே எடுத்த மரம் உலரும்போது சுருங்கி வெடிக்கும். இரும்பு சில மாதங்களிலே பொடியாகும். 1628ஆம் ஆண்டிலே மூழ்கிய வாசா என்னும் சுவீடன் நாட்டுப் போர்க்கப்பல் 1961ஆம் ஆண்டிலே தூக்கியெடுக்கப்பட்டபோது, அதன் மரம் சுருங்காதிருத்தற் பொருட்டுப் பொலியெதிலீன் கிளைக்கோல் என்னும் இரசாயனக் கரைசலை 17 ஆண்டுகள் தெளிக்க வேண்டியதாயிற்று. எடுப்பது ஒரு நாள். காப்பது ஒரு தலைமுறை. மீட்புரிமை நெறியோ எடுப்பதற்கே வெகுமதி தருகின்றது.

இன்னுமொன்று. மூழ்கிய கலத்தின் பெறுமதி அதிலுள்ள பொன் வெள்ளி மாத்திரமன்று. எந்தப் பொருள் எந்தப் பொருளின் அருகே எந்த ஆழத்தில் எவ்வாறு கிடந்தது என்பதே அதன் வரலாற்றுப் பெறுமதி. மாலுமியின் உணவுக் கலயம், சரக்கைக் கட்டிய கயிறு, பலகைகளை இணைத்த ஆணி என்பன சந்தையிலே விலைபோகா. ஆனால் ஒரு காலத்து மக்கள் எவ்வாறு கப்பல் கட்டினர், எதனை உண்டனர், யாரோடு வாணிகஞ் செய்தனர் என்பவற்றை அவையே சொல்லும். காசை மாத்திரம் நாடுபவன் அவற்றைக் குப்பையென ஒதுக்கிவிடுவான். ஒரு சுவடியிலே பொன்னெழுத்து இருந்த ஏடுகளை மட்டும் கிழித்தெடுத்து ஏனையவற்றை எரிப்பதற்கு ஒப்பான செயல் அது.

அமெரிக்காவிலே இவ்வினா கூர்மையடைந்தது அற்றோச்சா என்னும் இசுப்பானியக் கலத்தினால். 1622ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதத்தில் ஹவானாத் துறைமுகத்தினின்றும் இசுப்பானியாவை நோக்கிப் புறப்பட்ட 28 கப்பல்களைக் கொண்ட தொகுதி, புளோரிடாத் தீவுகளருகே சூறாவளியில் அகப்பட்டது. அற்றோச்சாவில் இருந்த 265 பேரில் ஐவரே உயிர் தப்பினர். வெள்ளிப் பாளங்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டன, காசுகள், பொற்கட்டிகள், செம்பு, அவுரி, புகையிலை என்னும் சரக்கெல்லாம் கடலடி சேர்ந்தன. அக்காலத்திலேயே இசுப்பானிய அரசன் மீட்பு வேலையைத் தனியாரிடம் ஒப்பந்தமாகக் கொடுத்தான் என்பது கருதத்தக்கது. 1626ஆம் ஆண்டில் ஒப்பந்தக்காரரான மெலியான் என்பவர், சுழியோடிகள் நீருள் மூச்செடுத்துச் சுற்றிப்பார்த்தற்குரிய செம்பு மணிக்கூடு ஒன்றைச் செய்வித்து, உடன் மூழ்கிய சாந்த மார்கரீத்தா என்னும் கலத்தைக் கண்டார். முதலிற் கண்ட அடிமைச் சுழியோடிக்கு விடுதலையே பரிசாயிற்று. அற்றோச்சா மட்டும் அகப்படவில்லை. தனியார் மீட்பும் அரசின் கட்டுப்பாடும் இன்று நேற்றுத் தோன்றியவை அல்ல என்பதற்கு இது சான்று.

1969ஆம் ஆண்டு தொடக்கம் மெல் பிசர் என்பார் அக்கலத்தைத் தேடலாயினார். காந்தமானியைப் படகின்பின் இழுத்து இரும்புள்ள இடங்களைக் குறிப்பதும், படகின் விசிறியிலிருந்து பீறிடும் நீரைப் பெருங்குழாய்களால் கீழ்நோக்கித் திருப்பி மணலைக் குழியாகத் தோண்டுவதும் அவர் கையாண்ட முறைகள். 1973ஆம் ஆண்டில் வெள்ளிப் பாளங்கள் சில கிடைத்தன. 1975ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அவர் மகன் வெண்கலப் பீரங்கிகளைக் கண்டார். சில நாட்களுள் அதே மாதம் 20ஆந் திகதி இரவு மீட்புப் படகு கவிழ்ந்து அம்மகனும் அவர் மனைவியும் இன்னொரு சுழியோடியும் மாண்டனர். சரியாகப் பத்தாண்டு கழித்து, 1985ஆம் ஆண்டு யூலை 20ஆந் திகதியன்று, அற்றோச்சாவின் பெருந்திரவியம் அகப்பட்டது. அதன் பெறுமதி 40 கோடி டொலர் என அக்காலத்து மதிப்பிட்டனர். பதினாறு ஆண்டுகள் பொருளையும் மக்களையும் இழந்து தேடியவரை வெறுங்கொள்ளைக்காரர் எனத் தள்ளிவிடல் நீதியன்று. அவர் செய்தது எல்லாம் நன்றென்று கொள்ளலும் நீதியன்று. இவ்விரண்டுக்கும் இடையிலேதான் சட்டத்தின் வேலை இருக்கின்றது.

தேடல் நடந்த காலத்தில் புளோரிடா மாநில அரசு, கலம் தன் கடலெல்லைக்குள் உளதெனக் கருதிப் பிசரோடு ஒப்பந்தஞ் செய்தது. எடுத்தவற்றில் நாலிலொரு பங்கு மாநிலத்துக்கு என்பது நிபந்தனை. 1975ஆம் ஆண்டில் அமெரிக்க உயர் நீதிமன்றம் மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும் இடையிலான எல்லை வழக்கைத் தீர்த்தபோது, அவ்விடம் மாநில எல்லைக்கு வெளியே போயிற்று. உடனே மத்திய அரசு 1906ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டத்தைக் காட்டி உரிமை கோரிற்று. 1978ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அக்கோரிக்கையை மறுத்தது. அச்சட்டம் அந்நாட்டின் உடைமையான நிலத்துக்கே செல்லுமென்றும், நாட்டெல்லைக்கு அப்பாலுள்ள கடலடிக்குச் செல்லாதென்றும் நீதிபதிகள் கூறினர். மாநில அதிகாரிகள் தம்மிடம் வைத்திருந்த பொருள்களைப் பற்றிய வழக்கு 1982ஆம் ஆண்டிலே உயர் நீதிமன்றம்வரை சென்று பிசரின் பக்கமே முடிந்தது. இவ்வாறு நீண்ட வழக்குகளினாற் புலப்பட்டது ஒன்று: சட்டத்திலே தெளிவான வாசகம் இல்லாதபோது அரசு எத்துணை வலிதாயினும் நீதிமன்றத்திலே தோற்கும்.

அக்குறையை நீக்க எழுந்ததே கைவிடப்பட்ட கப்பற்சிதைவுச் சட்டம். 1987ஆம் ஆண்டுக்குரியதெனப் பெயர் பெற்ற இச்சட்டத்தில் 1988ஆம் ஆண்டு ஏப்பிரில் 28ஆந் திகதி சனாதிபதி இரேகன் கையொப்பமிட்டார். அதன் அமைப்பு எளியது. மாநிலமொன்றின் கடலடியிலே புதைந்துள்ள கைவிடப்பட்ட கலங்கள், மாநிலம் பாதுகாக்கும் முருகைக்கற் பாறைகளிற் பதிந்துள்ள கலங்கள், வரலாற்றுச் சிறப்புடையனவாகத் தேசியப் பதிவேட்டிலே சேர்ந்தனவோ சேரத் தகுந்தனவோ ஆகிய கலங்கள் என்னும் மூவகைக்கும் முதலில் மத்திய அரசு உரிமை கொள்ளும். அடுத்து அவ்வுரிமையை அந்தந்த மாநிலத்துக்கே மாற்றிக்கொடுக்கும். மத்திய அரசின் சொந்த நிலத்துள்ளவை அவ்வரசிடமும், பழங்குடி மக்களின் நிலத்துள்ளவை அம்மக்களிடமும் நிற்கும். மீட்புரிமை நெறியும் கண்டெடுப்புரிமை நெறியும் இக்கலங்களுக்குச் செல்லா என்று வெளிப்படையாகவே எழுதப்பட்டது.

இச்சட்டம் தனியார் முயற்சியை அடியோடு தடுத்துவிட்டது எனப் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. கலத்தின் வரலாற்றுச் சிறப்புக்கும் சூழலின் நலத்துக்கும் ஊறு நேராவண்ணம் அரசும் தனியாரும் மீட்பு வேலை செய்ய இடமளித்தல் வேண்டுமென்றும், பொழுதுபோக்காகச் சுழியோடுவோர் கலங்களைச் சென்று காணத் தடையிருத்தல் ஆகாதென்றும் அச்சட்டமே கூறுகின்றது. மாறியது யாதெனின், முன்னர் முதலில் வந்தவனுக்கு உரிமை. இப்பொழுது அநுமதி பெற்றவனுக்கு வேலை. அநுமதி கேட்போன் எவ்விடத்தை ஆராயப் போகின்றான், எக்கருவியைப் பயன்படுத்துவான், தகுதியுடைய தொல்பொருளாய்வாளர் யார் உடனிருப்பார், எடுத்த பொருளை எங்கே பேணுவான், அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்பவற்றை முன்னரே எழுத்திற் காட்டுதல் வேண்டும். வீடு கட்டுபவன் வரைபடங் காட்டி அநுமதி பெறுதல் போல்வது இது. வீடு கட்டுவதே குற்றம் என்பதன்று.

ஒழுங்கின்றிச் செய்யும் வேலை கலத்தை மாத்திரமன்றிக் கடலையும் கெடுக்கும். முன்னே கூறிய நீர்க்குழாய் முறையினால் 1992ஆம் ஆண்டிலே புளோரிடாத் தீவுகளின் தேசியக் கடற்காப்பகத்துள் கடற்புல் விளைந்த தரையிலே நூற்றுக்கு மேற்பட்ட குழிகள் தோண்டப்பட்டன. மீன்குஞ்சுகளுக்கு வளருமிடமான அப்புற்றரை மீண்டும் உண்டாக நெடுங்காலம் வேண்டும். அரசு வழக்குத் தொடுத்தது. நீதிமன்றம் நட்டஈடு விதித்தது. திரவியந் தேடுவோன் கண்ணுக்கு மணல் வெறும் மூடி. வலை வீசுவோனுக்கோ அதுவே வயல்.

சட்டம் பிறந்தபின்னும் வழக்குகள் ஓயவில்லை. கைவிடப்பட்ட கலம் என்றால் என்ன? 1865ஆம் ஆண்டில் கலிபோணியாக் கரைக்கருகே மூழ்கிய பிறதர் யொனதன் என்னும் நீராவிக்கப்பல் பற்றிய வழக்கில், அச்சொல்லுக்குக் கடற்சட்டத்திலுள்ள பொருளே கொள்ளப்படல் வேண்டுமென 1998ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் கூறிற்று. அடுத்து வெர்ஜீனியா மாநிலம், 1750ஆம் ஆண்டிலும் 1802ஆம் ஆண்டிலும் மூழ்கிய லா கல்கா, யூனோ என்னும் இரு இசுப்பானியப் போர்க்கப்பல்களை ஆராயத் தனியார் கம்பனியொன்றுக்கு அநுமதி கொடுத்தது. இசுப்பானிய அரசு நேரே வழக்காடு மன்றம் வந்தது. ஓர் அரசின் போர்க்கப்பல், அவ்வரசு வெளிப்படையாகத் துறந்தாலன்றி, எத்தனை ஆண்டு கழியினும் அவ்வரசினதே என்னும் கொள்கையின்படி 2000ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இரண்டையும் இசுப்பானியாவுக்கே உரியன என்றது. தான் அளித்த அநுமதி மாத்திரம் போதாதென்பதை மாநில அரசும் அன்று கற்றது. 2004ஆம் ஆண்டில் மூழ்கிய போர்க்கலங்களுக்கென அமெரிக்காவிலே தனிச்சட்டமும் வந்தது.

மாநிலக் கடலெல்லை பெரும்பாலும் மூன்று மைல். புளோரிடாவின் மேற்குக்கரை போன்ற சில இடங்களிலே ஒன்பது மைல். அதற்கப்பால் ஆழ்கடலிலே இச்சட்டம் செல்லாது. அங்கே நிகழ்ந்ததுதான் மெர்சேதஸ் வழக்கு. 1804ஆம் ஆண்டு ஒற்றோபர் 5ஆந் திகதி போத்துக்கல் நாட்டுக் கரைக்கப்பால் ஆங்கிலேயக் கடற்படையோடு பொருதபோது, இந்த இசுப்பானியக் கப்பல் வெடித்துச் சிதறிற்று. இருநூற்றுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். 2007ஆம் ஆண்டில் ஒடிசி மறைன் எக்ஸ்புளோறேசன் என்னும் அமெரிக்கக் கம்பனி, ஓராயிரம் மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தினின்றும் பொறிகளின் துணைகொண்டு ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட காசுகளை எடுத்தது. கலத்தின் பெயரை வெளியிடாது மறைபெயர் சூட்டி, ஏறத்தாழ 17 தொன் எடையுள்ள காசுகளை ஜிபிரால்ற்றரிலிருந்து விமானத்திலே புளோரிடாவுக்குக் கொண்டுசென்றது. இசுப்பானியா வழக்காடிற்று. அக்காசுகள் தன் மண்ணில் அச்சிடப்பட்டவை எனப் பேருவும் உரிமை கோரிற்று. அது போர்க்கப்பலாதலின் அதன்மேலும் அதன் சரக்கின்மேலும் தீர்ப்பளிக்க அமெரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லையென 2011ஆம் ஆண்டில் மேன்முறையீட்டிலே முடிவாயிற்று. 2012ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்தில் இரு இசுப்பானியப் படைவிமானங்கள் காசுகளனைத்தையும் ஏற்றிச்சென்றன. தேடுதற்கும் எடுத்தற்கும் செலவிட்ட கம்பனிக்குக் காசொன்றும் கிடைக்கவில்லை. எடுத்தபின் சட்டத்தை எண்ணுதல் தனியார்க்கும் நட்டமே என்பதை இவ்வழக்குக் காட்டிற்று.

இனி, ஒழுங்கு எதுவுமின்றி விட்டால் நேர்வது யாது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி கூறுவோம். ஒல்லாந்த வணிகக் கம்பனியின் கெல்டர்மல்சன் என்னும் கப்பல், சீனத்துத் தேயிலையும் பீங்கானும் பொன்னும் ஏற்றிக்கொண்டு தாயகம் திரும்புகையில் 1752ஆம் ஆண்டு சனவரியில் தென்சீனக் கடலிலே பாறை மோதி மூழ்கிற்று. 1985ஆம் ஆண்டில் மைக்கல் கற்சர் என்னும் தனியார் மீட்பாளர் அதனைக் கண்டார். ஒரு இலட்சத்து அறுபதினாயிரம் அளவிலான பீங்கான்களும் நூற்றுக்கு மேற்பட்ட பொற்கட்டிகளும் வெளிவந்து, 1986ஆம் ஆண்டிலே அம்ஸ்ரடாம் நகரில் ஏலத்திலே விற்பனையாயின. விலை ஏறத்தாழ ஒரு கோடி பவுண். சீன அரசு 30,000 டொலரோடு அனுப்பிய பீங்கான் அறிஞர் இருவர் ஒரு கோப்பையேனும் வாங்க இயலாது மீண்டனர். தம் முன்னோர் செய்த கலங்களைத் தம் கண்முன்னே பிறர் ஏலங்கொள்ளக் கண்டு திரும்பிய அவர்தம் மனநிலையை நாம் எண்ணிப் பார்க்கலாம். 1987ஆம் ஆண்டிலே சீனா நீரடித் தொல்பொருளாய்வுக்கென ஒரு பிரிவை ஏற்படுத்தியது. அக்கப்பல் எவ்வாறு கட்டப்பட்டது, சரக்கு எவ்வாறு அடுக்கப்பட்டிருந்தது என்பவற்றை இன்று அறிய விரும்புவோர்க்கோ அவ்விடத்தில் முறையாக எழுதப்பட்ட குறிப்பு மிகச் சிறிதே.

இத்தகைய நிகழ்ச்சிகள் பலவற்றின் விளைவாக, 2001ஆம் ஆண்டு நவம்பர் 2ஆந் திகதி பாரிசு நகரிலே யுனெஸ்கோ நிறுவனம் நீரடிப் பண்பாட்டுச் செல்வம் பற்றிய உடன்படிக்கையை நிறைவேற்றியது. 87 நாடுகள் ஆதரித்தன, நான்கு எதிர்த்தன, 15 நடுநிலை வகித்தன. 2009ஆம் ஆண்டு சனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. நூறாண்டுக்குக் குறையாது நீருள் இருந்த பொருள்கள் அதன் காவலுட்படும். பொருளைக் கிடந்த இடத்திலேயே காத்தல் முதலிற் கருதப்பட வேண்டிய வழி; விற்பனைக்காகவோ இலாபத்துக்காகவோ கலைத்தெடுத்தல் ஆகாது; அரசின் அநுமதியும் முழுக்காப்பும் இருந்தாலன்றி மீட்புரிமை நெறி செல்லாது என்பன அதன் தலையாய விதிகள். பின்னிணைப்பாக 36 விதிகள் உள. வேலைத்திட்டம், செலவு, கால அட்டவணை, பணியாளர் தகுதி, பேணுமுறை, அறிக்கை வெளியீடு என்று ஒவ்வொன்றும் அவற்றிற் கூறப்பட்டுள்ளது. எழுபதுக்கு மேற்பட்ட நாடுகள் அதிற் சேர்ந்துள்ளன. ஐக்கிய அமெரிக்காவும் பிரித்தானியாவும் சேரவில்லை. எனினும் பிரித்தானியாவிலே 1973ஆம் ஆண்டின் சிதைவுக் காப்புச் சட்டத்தின்கீழ் குறிப்பிட்ட சில கலங்களை உரிமப்பத்திரமின்றி அணுகலாகாது. கடலிற் கண்டெடுத்த எப்பொருளையும் 28 நாட்களுள் அதற்குரிய அதிகாரிக்கு அறிவித்தல் அங்கே கட்டாயம். உடையவர் உரிமை கோர ஓராண்டு அவகாசம் உண்டு.

தனியார் மீட்பாளர் தம் பக்கத்து நியாயத்தையும் எடுத்துரைக்கின்றனர். தாம் தேடியிராவிடின் அக்கலங்கள் கண்டுபிடிக்கப்பட்டிரா என்பர். இழுவை வலைகளும் புயல்களும் கடலடியைக் கிளறிக்கொண்டிருக்க, கிடந்த இடத்திலே காத்தல் என்பது அழியவிடுதலுக்கு மறுபெயர் என்பர். ஒரேவகையான காசு பத்தாயிரம் இருந்தால் அரும்பொருட்சாலை சிலவற்றை வைத்துக்கொண்டு எஞ்சியதை விற்று வேலைச் செலவை ஈடுசெய்தல் என்ன குற்றம் என்பர். இவற்றுள் உண்மை இல்லாமலில்லை. அரசுகள் பலவும் சட்டம் இயற்றுவதிற் காட்டும் ஊக்கத்தைப் பணம் ஒதுக்குவதிற் காட்டுவதில்லை. காவலாளி இல்லாத கதவுக்குப் பூட்டு மாத்திரம் போதாது. ஆயினும் இவ்வாதங்கள் ஒழுங்கு வேண்டாம் என்பதை நாட்டவில்லை. ஒழுங்கு செம்மையாக நடைபெறல் வேண்டும் என்பதையே நாட்டுகின்றன. ஒழுங்கு உள்ள இடத்திலும் விழிப்பு வேண்டும். 1715ஆம் ஆண்டிலே புளோரிடாக் கரையில் மூழ்கிய கப்பற்றொகுதியில் 2015ஆம் ஆண்டு உரிமம் பெற்ற மீட்பாளர் எடுத்த 101 பொற்காசுகளில் 51 மாத்திரமே முறைப்படி அறிவிக்கப்பட்டனவென்றும், மறைக்கப்பட்ட ஐம்பதில் 37 காசுகளைத் தாம் மீட்டனரென்றும் 2024ஆம் ஆண்டில் அம்மாநில அதிகாரிகள் அறிவித்தனர். கணக்கெழுதும் கை இருந்தமையால்தான் கணக்கிலே குறைவு கண்டுபிடிக்கப்பட்டது.

இவ்வினா நமக்குத் தொலைவானதன்று. 1961ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தென்கிழக்குக் கரைக்கப்பால் மகா இராவணன் கோட்டை எனப்படும் பாறைத்தொடரருகே மைக் வில்சன் என்பாரும் இளைஞர் இருவரும் பீரங்கிகளையும் வெள்ளி ரூபாய்களையும் கண்டனர். ஔரங்கசீப் மன்னனின் பெயரால் ஹிஜ்ரி 1113ஆம் ஆண்டில், அதாவது 1702ஆம் ஆண்டளவில், அடித்த காசுகள் அவை. பை மக்கிப் போயினும் பையின் வடிவத்திலேயே ஆயிரம் ஆயிரமாக அவை ஒட்டிக் கட்டியாகியிருந்தன. அவற்றின் கதையை ஆதர் சி. கிளார்க் 1964ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அக்கட்டிகளை உடைத்துக் காசு காசாக விற்றிருப்பின், அவை பைகளில் எண்ணிக் கட்டி ஏற்றப்பட்டவை என்னும் செய்தி எவருக்கும் தெரிந்திராது.

காலித் துறைமுகத்திலே 1659ஆம் ஆண்டில் மூழ்கிய அவொண்ட்ஸ்ரர் என்னும் ஒல்லாந்தக் கப்பலை, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டுத் தொல்பொருளாய்வாளரும் ஒல்லாந்தரும் இணைந்து முறையாக ஆராய்ந்தனர். 2004ஆம் ஆண்டு திசெம்பர் ஆழிப்பேரலை அங்கிருந்த பேணகத்தை அழித்தது. ஆயினும் எழுதி வைத்த குறிப்பும் வரைபடமும் அக்கலத்தைப் பற்றிய அறிவைக் காத்தன. அம்பாந்தோட்டைப் பகுதியிற் கொடவாயக் கடலிலே சங்கு குளிப்போர் கண்ட கலமோ இரண்டாயிரம் ஆண்டளவிற்கு முற்பட்டது. இந்துமாக்கடலிற் கண்டறியப்பட்ட மிகப் பழைய கலங்களுள் ஒன்று. அதிலே கிடைத்தவை அம்மிபோன்ற கல்லும் கண்ணாடிக் கட்டிகளும். பொன் தேடுவோன் இவற்றைக் காலால் உதைத்துப் போயிருப்பான். மட்டக்களப்புக்கப்பால் 1942ஆம் ஆண்டு ஏப்பிரில் 9ஆந் திகதி யப்பானிய விமானங்களால் மூழ்கிய கேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் 307 பேரின் கல்லறை. யுனெஸ்கோ உடன்படிக்கை கூறும் நூறாண்டு அதற்கு 2042ஆம் ஆண்டிலேதான் நிறைவுறும். அதற்கு முன்னரும் அதனை இரும்புக்குவியலாக எண்ணுதல் அறமாகாது.

மேற்கூறியவற்றால் நாம் துணிவன மூன்று. ஒன்று, மூழ்கிய பழங்கலத்தைக் கண்டவன் பிறர்க்கு நன்மை செய்தவன். அவனை ஐயுறாது மதித்து, அவன் அறிவிப்பதற்கு எளிய வழியும் தக்க வெகுமதியும் அரசு வைத்தல் வேண்டும். சங்கு குளிப்போரும் வலைஞருமே நம் கடலின் முதற் காவலர். அறிவித்தால் தொல்லை, மறைத்தால் இலாபம் என்னும் நிலை இருக்குமாயின் எச்சட்டமும் பயன்படாது. இரண்டு, எடுத்தற்கு அநுமதி கேட்போன் பேணுதற்கும் எழுதுதற்கும் பொறுப்பேற்றல் வேண்டும். அதற்கு இயலாதவன் தனியாராயினும் அரசாயினும் கலத்தைக் கிடந்த இடத்திலேயே விட்டுவைத்தல் நன்று. மூன்று, கலத்துள் மாண்டோர் உண்டு என்பதை எவரும் மறத்தலாகாது.

நம் கல்லூரி மாணவருட் சட்டம் பயில்வோரும் இரசாயனம் பயில்வோரும் வரலாறு பயில்வோரும் உளர். இத்துறை அம்மூவர்க்கும் பொதுவானது. மரத்தைக் காப்பதற்கு இரசாயனமும், உரிமையைத் தீர்ப்பதற்குச் சட்டமும், கலம் சொல்லும் கதையை வாசிப்பதற்கு வரலாறும் வேண்டும். நம்மைச் சூழ்ந்த கடலிலே இன்னும் திறவாத ஏடுகள் கிடக்கின்றன. அவற்றை முதலிலே திறப்போர் வாசிக்கக் கற்றவராக இருத்தல் வேண்டும் என்பதே நம் விருப்பம்.